படம் தேறியது, ஆள் தேறவில்லை

இரண்டு எக்ஸ்ரேக்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடதுபக்கம் இருந்தது, அவர் கோவிட்டோடு வார்டில் சேர்ந்த அன்று எடுத்தது. இரண்டு நுரையீரலின் கீழ்ப்பாதியிலும் பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல வெள்ளை. வலதுபக்கம் இருந்தது பதினேழு நாள் கழித்து, அதாவது அன்று காலை எடுத்தது. பஞ்சு பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. படத்தை மட்டும் யாராவது காட்டிக் கேட்டிருந்தால் 'ஆள் தேறிட்டாரே' என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த ஆள் எனக்கு எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

2021-ன் நடுவில் நடந்தது இது. ஆளை அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், நோயின் போக்கில் கைவைக்கவில்லை. இதில் தவறு செய்தது நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் படிக்கிறவர்கள் 'யார் அந்த டாக்டர்' என்று தேட வேண்டாம்.

ஆண், வயது 52. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. எடை 84 கிலோ. சர்க்கரை கிடையாது, லேசான ரத்த அழுத்தம், அதற்கு ஒரே ஒரு மாத்திரை. புகைப்பழக்கம் இல்லை, முன்பு ரத்தக்கட்டி வந்ததில்லை, குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. காய்ச்சல் தொடங்கிய எட்டாம் நாள் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜனின் சதவீதம், 91-க்கு இறங்கியதால் வார்டில் சேர்த்தோம். மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன், அழற்சியை அடக்க டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு எனாக்சாபரின் ஊசி, 40 மி.கி. ஐசியூ பக்கமே போகவில்லை. பதினான்காம் நாள் ஆக்சிஜன் இல்லாமலே 96 காட்டியது, வீட்டுக்கு அனுப்பினோம். ஊசி அன்றோடு நின்றது. டிஸ்சார்ஜ் தாளின் கடைசி வரியில், எல்லாருக்கும் எழுதுவதுபோலவே, 'நன்றாக ஓய்வு எடுக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். கட்டிலில் படுத்தார், படுத்தே இருந்தார். சாப்பாடு கட்டிலுக்கு வந்தது, போன் கையிலேயே இருந்தது, பாத்ரூமுக்கு மட்டும் எழுந்தார்.

இருபத்திரண்டாம் நாள் அவருடைய மனைவி போன் செய்தார்.

"டாக்டர், பாத்ரூம் போயிட்டு வந்தாலே இவருக்கு மூச்சு வாங்குது."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்க."

"சாச்சுரேஷன் பார்த்தீங்களா?"

"94, 95 காட்டுது."

"அப்போ பயப்படாதீங்கம்மா. கோவிட்டுக்கு அப்புறம் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும், நுரையீரல் ஆறணும்ல. நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க."

மொத்தமே இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டேன். இந்த மூச்சு வாங்கல் வீட்டுக்குப் போன நாளிலிருந்தே இருக்கிறதா, அல்லது நடுவில் தொடங்கியதா? கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார், ஏனென்றால் பின்னால் நேரில் வந்தபோது கேட்காமலேயே சொன்னார்: முதல் நான்கைந்து நாள் நன்றாகத்தான் இருந்தார், எழுந்து குளித்தார், எதுவும் தெரியவில்லை, அப்புறம் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது திடீரென்று மூச்சு அடைத்தது, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றார், அன்றிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரல் இப்படி நடந்துகொள்ளாது. அது மெல்ல மெல்லத் தேறும், இல்லையென்றால் மெல்ல மெல்ல மோசமாகும். ஒரு காலைப் பொழுதில், இன்ன நிமிடம் என்று விரல்விட்டுச் சொல்லும்படி மூச்சு அடைத்தால் அது ரத்தக்குழாய் சங்கதி என்று எந்த மருத்துவ மாணவரைக் கேட்டாலும் சொல்வார். கோவிட் என்ற ஒரு வார்த்தை அந்த மாணவர் அறிவைக்கூட என் மண்டையிலிருந்து துடைத்துவிட்டது.

மூன்று நாள் கழித்து, இருபத்தைந்தாம் நாள், அவர்களாகவே வந்துவிட்டார்கள். நல்லவேளை.

உட்கார்ந்த நிலையில் நாடித்துடிப்பு 114, மூச்சு நிமிடத்துக்கு 24, பிபி 118/76, சாச்சுரேஷன் 93. காய்ச்சல் இல்லை. நுரையீரலின் அடிப்பகுதியில் லேசான கரகரப்பு, அதுவும் வார்டில் இருந்தபோது கேட்டதைவிடக் குறைவு. வலதுபக்க விலாவில், மூச்சை ஆழ இழுத்தால் மட்டும் குத்துகிறது என்றார், இருமி இருமி தசை பிடித்திருக்கும் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார். ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டியபடியே வார்டு வராந்தாவில் நடக்கவிட்டேன். நாற்பது அடிகூடப் போகவில்லை, சாச்சுரேஷன் 86, துடிப்பு 136. நிறுத்தி உட்காரவைத்தபோது உதடு லேசாகக் கறுத்திருந்தது. அப்புறம்தான் அந்த இரண்டு எக்ஸ்ரேக்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். நுரையீரல் தேறியிருக்கிறது, மூச்சு மோசமாகியிருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் காற்று போகும் வழியில் கோளாறு இல்லை, ரத்தம் போகும் வழியில் கோளாறு.

ஈசிஜியில் வேகமான துடிப்பும், வி1 முதல் வி3 வரை டி அலைகள் தலைகீழாகவும் இருந்தன, அதாவது இதயத்தின் வலது கீழறை எதையோ எதிர்த்து முக்கிக்கொண்டிருக்கிறது. புத்தகங்களில் படம்போட்டுக் காட்டும் எஸ்1 க்யூ3 டி3 என்ற ஈசிஜி வடிவம் இல்லை. அது இல்லாததால் எம்பாலிசம், அதாவது பெரும்பாலும் கால் சிரையில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து போய் நுரையீரல் தமனியை அடைப்பது, இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், பலருக்கு வேகத் துடிப்பு மட்டும்தான் இருக்கும்.

அடுத்து காலைப் பார்க்க வேண்டும். சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். வலது கணுக்காலுக்கு மேலே சாக்ஸின் எலாஸ்டிக் பதிந்த கோடு இருந்ததும் தெரியவில்லை, இல்லாததும் தெரியவில்லை, அவ்வளவு மெல்லியது. இடது காலில் அதே கோடு ஒரு வாய்க்கால்போல உள்ளே இறங்கியிருந்தது, விரல் நுனியை வைத்தால் பக்கவாட்டில் இரண்டு கரையும் தட்டுப்பட்டது. முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி டேப் வைத்து அளந்தேன். வலது 36 செ.மீ., இடது 39.5. மூன்று செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டும், இங்கே மூன்றரை. கெண்டைக்காலை அழுத்தினால் முகம் சுளித்தார்.

"இது எத்தனை நாளா இருக்கு சார்?"

"ஒரு வாரமா வலிக்குது டாக்டர், படுத்தே கிடந்ததுல பிடிச்சுக்கிச்சுன்னு நினைச்சேன். இவங்கதான் தினமும் நீவி விடறாங்க."

மனைவியின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவரைக் குற்றவாளியாக்க மனம் வரவில்லை, ஆனால் சொல்லாமலும் விட முடியாது: ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதை நீவக் கூடாது, டாக்டர் பார்க்கும்வரை கையே வைக்கக் கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர வாய்ப்பு உண்டு. இவருக்கு நீவியதால்தான் நகர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, தானாகவே நகர்வதுதான் அதிகம். அதையும் சேர்த்தே சொன்னேன்.

எம்பாலிசம் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப்போட வெல்ஸ் ஸ்கோர் என்று ஒன்று உண்டு. காலில் கட்டிக்கான அறிகுறிக்கு 3, வேறு எந்த நோயைவிடவும் இதுதான் பொருந்துகிறது என்றால் 3, துடிப்பு 100-க்கு மேல் என்றால் 1.5, மூன்று நாளுக்கு மேல் படுத்த படுக்கை என்றால் 1.5. கூட்டினால் 9. நான்கைத் தாண்டினாலே நேராக சிடி எடுக்கலாம். அதனால் டி-டைமர், அதாவது ரத்தக்கட்டி கரையும்போது உதிரும் துண்டுகளை அளக்கும் ரத்தப் பரிசோதனை, தேவையே இல்லை, ஆனால் பழக்க தோஷத்தில் யாரோ அதையும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட, 4,800 நானோகிராம் என்று வந்தது, வழக்கமான வரம்பு 500. டி-டைமரைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அது 'இல்லை' என்று சொல்வதற்கான பரிசோதனை. சந்தேகம் குறைவாக இருக்கும் ஆளுக்கு டி-டைமரும் குறைவாக இருந்தால் கட்டி இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பலாம், அதுதான் அதன் வேலை. கோவிட் வந்தவர்களுக்கு, முக்கியமாக வார்டில் கிடந்தவர்களுக்கு, கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஏறித்தான் இருக்கும், ஏனென்றால் அழற்சியே அதை ஏற்றும். அந்த நாட்களில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள்கூட நாலு நாளைக்கு ஒருமுறை டி-டைமர் பார்த்து, எண்ணைப் பார்த்துப் பயந்து, தாங்களாகவே மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இந்தப் பக்கம், நாற்பது அடி நடக்க முடியாதவரை போனிலேயே ஓய்வெடுக்கச் சொன்ன நானும் இருந்தேன்.

சிடி அறை காலியாக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருக்கவில்லை. சந்தேகம் இவ்வளவு பலமாக இருந்து, ரத்தக்கசிவுக்கான காரணம் எதுவும் இல்லாதபோது, முதல் ஊசியைப் போட்டுவிட்டுத்தான் படத்துக்கு அனுப்ப வேண்டும். முந்தைய சேர்க்கையில் சிறுநீரகம் நன்றாக இருந்தது, எனாக்சாபரின் கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் 80 மி.கி. போட்டோம். இது வார்டில் தினம் போட்ட 40 மாதிரி இல்லை. அது கட்டி வராமல் தடுக்க, இது வந்த கட்டி வளராமல் இருக்க, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை.

ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோவில், சாய மருந்து நிரம்பி வெள்ளையாக ஒளிரும் நுரையீரல் தமனிக்குள் சாம்பல் நிறத்தில் புழு மாதிரி ஒன்று. வலது நுரையீரலுக்குள் இறங்கும் பெரிய கிளையில் ஒன்று, இடது கீழ்ப்பகுதியின் சிறு கிளைகளில் இரண்டு. வலது விளிம்பில் ஆப்பு வடிவத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, ரத்தம் போகாமல் செத்த திசு, அவர் தசைப்பிடிப்பு என்று சொன்ன குத்தலுக்குக் காரணம் அது. வலது கீழறை இடதைவிடக் கொஞ்சம் பெரிதாக உப்பியிருந்தது. இதய ஸ்கேனான எக்கோவும் அதையே சொன்னது, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் லேசாக ஏறியிருந்தது. கோவிட்டின் பழைய மங்கல் திட்டுகளும் ஓரங்களில் இருந்தன, ஆனால் அவ்வளவு மூச்சுத்திணறலைக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

கால் ஸ்கேனைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தொடை இடுக்கில் கருவியை வைத்தால் தமனியும் சிரையும் இரண்டு கறுப்பு வட்டங்களாகத் தெரியும். கருவியை லேசாக அழுத்த வேண்டும். தமனி துடித்துக்கொண்டு அப்படியே நிற்கும், சிரை கண் மூடுவதுபோலத் தட்டையாகிவிடும், விட்டால் திறந்துகொள்ளும். வலது காலில் அழகாக மூடித் திறந்தது. இடது காலில், தொடை நடுவிலிருந்து முழங்காலின் பின்பக்கம்வரை, எவ்வளவு அழுத்தியும் வட்டம் வட்டமாகவே நின்றது. உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறது. நோயாளியும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரும் விளக்காமலே புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

சரி, ஏன் கட்டியது? ரத்தம் குழாய்க்குள்ளேயே உறைய மூன்று காரணங்கள் என்று ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரில் 19-ம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவருகிறோம்: ரத்தம் ஓடாமல் தேங்குவது, குழாயின் உட்சுவர் புண்ணாவது, ரத்தமே உறையும் பக்கம் சாய்வது. வழக்கமாக ஒரு நோயாளியிடம் இதில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கோவிட் மூன்றையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. காய்ச்சலில் நீர் வற்றி, நாள்கணக்கில் படுத்து, ரத்தம் கால்களில் தேங்குகிறது. குழாய்களின் உட்சுவர் செல்களை வைரஸ் நேரடியாகவும், அதற்கு எதிராகக் கிளம்பும் அழற்சி சுற்றிவளைத்தும் கெடுக்கின்றன. வழவழப்பாக இருக்க வேண்டிய அந்தச் சுவர் கெட்டதும், உள்ளே அடைத்துவைத்திருந்த வான் வில்லபிராண்ட் காரணி என்ற பசையை ரத்தத்தில் கொட்டுகிறது, தட்டணுக்கள் அதில் வந்து ஒட்டுகின்றன. ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜனைக் கல்லீரல் கூட்டிக்கொண்டே போகிறது. போதாக்குறைக்கு, வெள்ளணுக்களில் ஒருவகையான நியூட்ரோஃபில்கள் கிருமியைப் பிடிக்கத் தங்கள் டிஎன்ஏ-வையே வலையாக வீசிச் சாகின்றன, அந்த வலையில் கிருமி மாட்டுகிறதோ இல்லையோ, ரத்தம் மாட்டிக்கொள்கிறது.

இறந்தவர்களின் நுரையீரலைச் சோதித்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்ணால் காட்டியது. கோவிட்டால் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும் இன்ஃபுளுவென்சாவால் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும் ஒப்பிட்டார்கள், காற்றறைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் கட்டிகள் கோவிட்டில் ஒன்பது மடங்கு அதிகம். அதனால்தான் கோவிட்டில் நுரையீரலில் தெரியும் கட்டி எல்லாம் காலிலிருந்து வந்ததா, அல்லது நுரையீரலிலேயே உருவானதா என்று பெரிய விவாதம் நடந்தது. இரண்டும் நடக்கிறது என்பதுதான் என் எண்ணம். நோயின் உச்சத்தில், சிறு கிளைகளில், காலில் எதுவும் இல்லாமல் வருவது பெரும்பாலும் அங்கேயே உறைந்தது. இவருடையதுபோல மூன்றாவது நான்காவது வாரத்தில், பெரிய கிளையில், காலில் கட்டியோடு வருவது பழைய பாணி எம்பாலிசம்.

அளவு எவ்வளவு என்று கேட்டால், யாரைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. 2020-ல் நெதர்லாந்தின் ஐசியூக்களில் 184 பேரைப் பார்த்தார்கள், எல்லாருக்கும் கட்டி வராமல் தடுக்கும் ஊசி போட்டும் 31 சதவீதம் பேருக்குக் கட்டி தொடர்பான சிக்கல். அதே ஆண்டு ஹாம்பர்க்கில் முதல் 12 பிரேதப் பரிசோதனைகளில் ஏழு பேருக்குக் கால் சிரைகளில் கட்டி, உயிரோடு இருந்தபோது ஒருவருக்கும் யாரும் சந்தேகப்படவில்லை, நான்கு பேரைக் கொன்றதே நுரையீரலுக்குப் போன கட்டிதான். இந்த எண்களை வைத்துக்கொண்டு வீட்டில் சளி இருமலோடு தேறியவர் பயப்பட வேண்டாம். ஸ்வீடனில் தொற்று வந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். முதல் முப்பது நாளில் எம்பாலிசம் வந்தவர்கள் பத்தாயிரத்துக்கு 17 பேர். தொற்று வராதவர்களில் பத்தாயிரத்துக்கு ஒருவர்கூட இல்லை. மடங்கில் சொன்னால் சுமார் 33, கேட்கவே கிலி பிடிக்கும், ஆனால் சின்ன எண்ணின் 33 மடங்கு. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: எம்பாலிசம் ஆபத்து 110 நாள் வரைக்கும், கால் கட்டி ஆபத்து 70 நாள் வரைக்கும் கூடுதலாகவே இருந்தது. நாம் பதினான்காம் நாள் ஃபைலை மூடிவிடுகிறோம்.

மறுபடி நோயாளிக்கு வருகிறேன். பிபி நிலையாக இருக்கிறது, ஆனால் வலது இதயம் சிரமப்படுகிறது, ட்ரோபோனினும் ஏறியிருக்கிறது. இந்த இடைநிலைதான் டாக்டருக்கு வயிற்றைக் கலக்கும். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் போட்டுவிடலாமா என்று கை அரிக்கும். இப்படிப்பட்டவர்களை வைத்தே 2014-ல் ஒரு பெரிய சோதனை வந்தது: கரைக்கும் மருந்து கொடுத்தால் திடீரென்று ரத்த ஓட்டம் சரிவது குறைகிறது, ஆனால் மூளை ரத்தக்கசிவு உட்படப் பெரிய கசிவுகள் கூடுகின்றன. அதனால் பிபி விழாதவரை அதைத் தொடாமல், கண்காணித்துக்கொண்டே ஹெப்பரினோடு (எனாக்சாபரினும் அந்த வகைதான்) இருப்பதுதான் முறை. முதல் இரவு ஐசியூவில் படுக்கவைத்து, கரைக்கும் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தோம். அதிகாலை மூன்று மணிக்குத் துடிப்பு 128-க்கு ஏறியது என்று கூப்பிட்டார்கள், ஓடிப் போய்ப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்து சிறுநீர் கழிக்க முயன்றிருக்கிறார், பிபி 112. அவரைவிட எனக்குத்தான் அன்று துடிப்பு அதிகம்.

காலையில் 104. மூன்றாம் நாள் 92, ஆக்சிஜன் 2 லிட்டராகக் குறைந்தது, ஊசியை நிறுத்தி ரிவராக்சபான் என்ற ரத்த மெலிப்பு மாத்திரைக்கு மாற்றினோம்: 15 மி.கி. இரண்டு வேளை 21 நாளைக்கு, பிறகு 20 மி.கி. ஒருவேளை. இந்த அளவுகளில் அது உணவோடு சேர்ந்தால்தான் முழுதாக உடம்பில் ஏறும். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு மாத்திரை போட்டாச்சு என்று இருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன், அதனால் இதைச் சீட்டில் எழுதுவதோடு விடாமல் வாயாலும் சொல்வேன். இன்னொன்று, கோவிட்டுக்கே கொடுக்கும் நிர்மட்ரெல்விர், ரிட்டோனவிர் ஜோடி மாத்திரை பின்னால் வந்தது. அதில் உள்ள ரிட்டோனவிர் இந்த ரத்த மெலிப்பு மாத்திரைகளை உடம்பு வெளியேற்றவிடாமல் தடுத்து அளவை ஏற்றிவிடும். ஏற்கெனவே ரத்த மெலிப்பு மாத்திரை எடுப்பவர் அந்த மருந்தைத் தொடங்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதைத் தடுத்திருக்க முடியுமா? கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. வார்டில் கூடுதல் அளவு ஹெப்பரின் கொடுத்திருக்கலாமா என்று பார்த்தால், 2021 ஆகஸ்டில் மூன்று சர்வதேச சோதனைகளைச் சேர்த்து முடிவு வெளியிட்டார்கள்: ஐசியூவுக்குப் போகாத நோயாளிகளுக்கு முழு அளவு ஹெப்பரின் ஓரளவு நன்மை செய்தது, செயற்கை சுவாசம் போன்ற உறுப்பு ஆதரவு இல்லாமல் பிழைத்து வீடு திரும்பியவர்கள் 76.4-லிருந்து 80.2 சதவீதமானார்கள். ஐசியூவில் இருந்தவர்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆபத்து அதிகமுள்ளவனுக்கு உதவாமல், குறைந்தவனுக்கு உதவியது. வினோதமாகத் தோன்றினாலும் எனக்கு ஒருவகையில் புரிகிறது: அடுப்பு பற்றிய உடனே தண்ணீர் ஊற்றினால் பலன் உண்டு, கூரை எரியும்போது ஊற்றிப் பயனில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை கொடுத்திருக்கலாமா? அதற்கும் அந்த ஆண்டு கடைசியில் பிரேசிலிலிருந்து பதில் வந்தது. ஆபத்து அதிகமுள்ள 320 பேரில் பாதிப் பேருக்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகு 35 நாள் ரிவராக்சபான் 10 மி.கி., மீதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. கட்டிச் சிக்கல்கள் மாத்திரை எடுத்தவர்களில் 3 சதவீதம், எடுக்காதவர்களில் 9 சதவீதம். பெரிய கசிவு ஒருவருக்கும் இல்லை. சிறிய சோதனைதான், ஆனாலும் படித்தவுடன் இவர் நினைவுக்கு வந்து கொஞ்சம் குற்ற உணர்வு தட்டியது. அப்புறம் யாரை 'ஆபத்து அதிகம்' என்று எடுத்தார்கள் என்று நிதானமாகப் பார்த்தேன். முன்பு கட்டி வந்திருந்தால் மதிப்பெண், புற்றுநோய் இருந்தால் மதிப்பெண், 60 வயதுக்கு மேல் என்றால், ஐசியூவில் இருந்தால். இவருக்குக் கிடைப்பது பூஜ்யம், அல்லது தாராளமாகப் போட்டால் ஒன்று. அந்தச் சோதனையில் சேர்க்கவே மாட்டார்கள். ஆக அந்த விதி முன்பே தெரிந்திருந்தாலும் அவர் மாத்திரை இல்லாமல்தான் வீட்டுக்குப் போயிருப்பார், இருபத்திரண்டாம் நாள் அந்த போன் வந்திருக்கும், எல்லாம் என் வாயில் வரும் கேள்வியைப் பொறுத்துத்தான் இருந்திருக்கும்.

எல்லாருக்கும் ஆஸ்பிரின் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனின் ரெகவரி சோதனையில் மருத்துவமனையில் சேர்ந்த கிட்டத்தட்ட 15,000 பேரிடம் பார்த்துவிட்டார்கள். ஆஸ்பிரின் எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் 28 நாளில் இறந்தவர்கள் 17 சதவீதம்தான். கட்டிகள் சற்றுக் குறைந்தன, ரத்தக்கசிவு சற்றுக் கூடியது, வரவும் செலவும் சரி. வீட்டிலேயே இருந்து தேறுபவர்களுக்கு ஆஸ்பிரினோ அபிக்சபான் என்ற ரத்த மெலிப்பு மாத்திரையோ கொடுத்துப் பார்த்த அமெரிக்கச் சோதனையை, சிக்கல் வருபவர்களே மிகக் குறைவாக இருப்பதால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாம் முறை சேர்ந்த ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போனார். டிஸ்சார்ஜ் தாளில் கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றது. 'ஓய்வு' என்று எழுதக் கை வரவில்லை. கடைசியில் 'விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து வீட்டுக்குள் நடக்கவும், தண்ணீர் குறையாமல் குடிக்கவும்' என்று எழுதினேன். அதற்குக் கீழே, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, மூச்சு இழுத்தால் குத்தினாலோ, தேறிவந்த மூச்சு ஒருநாள் திடீரென்று பின்னுக்குப் போனாலோ, சாச்சுரேஷன் எவ்வளவு காட்டினாலும் நேரில் வரவும், போன் செய்ய வேண்டாம். இந்த வரிகளை அதிலிருந்து எல்லாருக்கும் எழுதுகிறேன். போனில் யாராவது 'மூச்சு வாங்குது' என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, 'என்னிக்கு ஆரம்பிச்சது?' இரண்டாவது, 'ரெண்டு காலையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கா?' செலவில்லாத கேள்விகள்.

நடுவில் ஒருநாள் தடுப்பூசி பற்றிக் கேட்டார், போட்டால் மறுபடி கட்டுமா என்று. அந்த நேரத்தில் சில தடுப்பூசிகளுக்குப் பிறகு தட்டணுக்கள் குறைந்து அரிதாக ரத்தம் உறையும் செய்தி எங்கும் ஓடிக்கொண்டிருந்தது, அது உண்மைதான், பொய் சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்தில் முதல் டோஸ் போட்ட 2.9 கோடிப் பேரின் பதிவுகளைப் பார்த்தபோது, ஊசிக்குப் பிறகு கட்டி வருவதைவிடத் தொற்றுக்குப் பிறகு வருவது பல மடங்கு அதிகமாக இருந்தது. அந்த அரிய சிக்கலின் வழியே வேறு, காலில் சாதாரணமாகக் கட்டி வந்தவருக்கு அது கூடுதலாக வரும் என்று இல்லை. போட்டுக்கொள்ளுங்கள் என்றேன், ரத்தம் மெலிந்திருப்பதால் ஊசி போட்ட இடத்தை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள் என்றும் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். காரணம் தெரிந்த, அந்தக் காரணமும் கடந்துபோன கட்டிக்கு மூன்று மாத மாத்திரை போதும். எக்கோவில் வலது இதயம் பழைய அளவுக்கு வந்திருந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகும் மூச்சு வாங்கினால் கட்டி கரையாமல் தழும்பாகி, நுரையீரல் தமனியின் அழுத்தத்தை நிரந்தரமாக ஏற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சிலருக்கு அப்படி ஆகும். அதே வராந்தாவில் நடக்கவிட்டேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தார், 97-ல் தொடங்கி 96-ல் முடிந்தது.

நான் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்து இரண்டு சாக்ஸையும் கழற்றி, பேண்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு டேப்புக்காகக் காத்திருந்தார். வலது 36, இடது 36.5.

"அரை சென்டிமீட்டர் அப்படியேதான் நிக்குது டாக்டர். வீட்டுல வாராவாரம் அளக்கறேன்."

"அது நிக்கும் சார். சிரைக்குள்ள இருக்கிற வால்வு கொஞ்சம் கெட்டிருக்கும். சாயங்காலம் ஆனா லேசா கனக்குமே?"

"ஆமா, கனக்குது," என்றார். மனைவி பக்கத்திலிருந்து, "நான் இப்போ தொடறதே இல்ல," என்றார்.